கொரிந்தியர் நிருபத்தை கடுதாசியா வாசிக்கிறது எப்படி? புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

எங்க அத்தை திருவிருந்து ஞாயிறு அன்னைக்கு பெஞ்சை விட்டு எழும்ப மாட்டாங்க. மத்தவங்க எல்லாம் வரிசையா முன்னாடி போய் முழங்கால் போட்டு அப்பமும் ரசமும் வாங்கிட்டு வருவாங்க, அத்தை மட்டும் முந்தானையை தலையில போட்டுக்கிட்டு குனிஞ்சே உக்காந்திருப்பாங்க. ஏன்னு கேட்டா ஒரே பதில்தான், "அபாத்திரமா வாங்கினா ஆக்கினைத்தீர்ப்புன்னுல்லா எழுதியிருக்கு." கூடப்பிறந்தவங்ககூட ஒரு மனத்தாங்கல், அது தீராம கை நீட்டக்கூடாதுன்னு வருஷக்கணக்கா அப்படியே இருந்தாங்க.

தகுதியில்லாம வாங்கினா தண்டனைன்னு அர்த்தம். அந்த வசனம் 1 கொரிந்தியர் 11-ல 27, 29. அதை சுத்தி இருக்கிற 16 அதிகாரத்தையும் நான் ஒழுங்கா வாசிக்க கத்துக்கிட்டதே அத்தையாலதான். அப்படி வாசிச்சு வாசிச்சு எனக்கு பிடிபட்டது இதுதான்: நிருபம்னா கடுதாசி, கடுதாசின்னா ரெண்டு பேர் பேச்சுல ஒருத்தரோட பாதி. போன்ல பேசிட்டு இருக்கிற ஒருத்தர் பக்கத்துல உக்காந்து கேக்குற மாதிரி, அந்தப் பக்கம் என்ன கேட்டாங்கன்னு தெரியாம இந்தப் பக்கத்து பதிலை மட்டும் தூக்கிட்டு வந்தா கண்டிப்பா தப்பா புரியும். அந்த மறுபாதியை எப்படி தேடுறதுன்னு புதுசா வர்றவங்களுக்கு படிப்படியா சொல்றேன்.

ஒரே ஊரை எடுத்துக்குவோம், கிரேக்க தேசத்து கொரிந்து. அந்த ஊருக்கு அப்போஸ்தலன் பவுல் எழுதினது ரெண்டு நிருபம் கையில இருக்கு, ரோமர் நிருபத்தை பெரும்பாலும் அந்த ஊர்ல இருந்துதான் எழுதினார், ஒரு 40 வருஷம் கழிச்சு ரோமாபுரி சபை அதே ஊருக்கு எழுதின இன்னொரு கடுதாசியும் நமக்கு கிடைச்சிருக்கு. ஆரம்ப சபையில வேற எந்த ஊரையும் இவ்வளவு கிட்ட போய் பார்க்க முடியாது. தேவையானது ஒரு பழைய மொழிபெயர்ப்பு பைபிள், ஒப்பிட்டுப் பார்க்க திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு, ஒரு நோட்டு, ஒரு பென்சில், அவ்வளவுதான்.

முதல் படி: ஒரே மூச்சுல, சத்தமா

முதல் தடவை விளக்கம் எதையும் பார்க்காதீங்க. 1 கொரிந்தியரை ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் சத்தமா வாசிங்க, ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் ஆகும், ரெண்டு பேர் மாத்தி மாத்தி வாசிச்சா இன்னும் நல்லது. அந்தக் காலத்துல இதை யாரும் தனியா உக்காந்து வாசிக்கலை, ஒருத்தர் வாசிக்க சபை கூடி கேட்டுச்சு. இந்த நிருபத்தை எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டணும்னு தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது பவுலே ஆணையிட்டு சொல்றார் (1 தெச. 5:27).

அதிகார நம்பரையும் வசன நம்பரையும் கண்டுக்காதீங்க. அதிகாரம் பிரிச்சது 13-ஆம் நூற்றாண்டுல, வசன நம்பர் போட்டது ராபர்ட் எஸ்தியேன்ங்கிற அச்சுக்காரர், 1551-ல. வசனம் தேட அதெல்லாம் உதவும், ஆனா ஓடிட்டு இருக்கிற பேச்சை நடுவுல வெட்டிடும். 11:1-ஐ பாருங்க, "நான் கிறிஸ்துவைப் பின்பற்றுகிறதுபோல" அப்படின்னு வர்றது, அது 10-ஆம் அதிகாரத்தோட கடைசி வரி, தப்பா இந்தப் பக்கம் வந்து விழுந்திருக்கு. இன்னொன்னு, கல்யாணப் பத்திரிகையில எல்லாம் போடுவோமே "அன்பு நீடிய சாந்தமும் தயவுமுள்ளது"ன்னு, அதுக்கு முன்னாடி 12-ம் பின்னாடி 14-ம் அந்நியபாஷை பேசுறவன் பெருசா தீர்க்கதரிசனம் சொல்றவன் பெருசான்னு சபைக்குள்ள நடக்கிற போட்டியை பத்தினது. ஒருத்தரை ஒருத்தர் மட்டம் தட்டிட்டு இருந்தவங்ககிட்ட சொன்ன வார்த்தை அது. "அன்புக்குப் பொறாமையில்லை, அன்பு தன்னைப் புகழாது, இறுமாப்பாயிராது", ஒவ்வொன்னும் அவங்களை பார்த்து சொன்னது. அதுக்காக கல்யாணத்துல வாசிக்கக்கூடாதுன்னு சொல்லலை, தாராளமா வாசிங்க, ஆனா சபை கமிட்டி மீட்டிங்ல வாசிச்சா அது பிறந்த இடத்துக்கே போன மாதிரி இருக்கும்.

ரெண்டாவது: ஊரையும் ஆளையும் தெரிஞ்சுக்கோங்க

கொரிந்தை ரோமர்கள் கி.மு. 146-ல தரைமட்டம் ஆக்கினாங்க. அப்புறம் நூறு வருஷம் கழிச்சு, கி.மு. 44-ல, ஜூலியஸ் சீசர் அதை ரோமக் குடியேற்றமா திரும்ப உண்டாக்கினார், வந்து குடியேறினவங்கள்ல நிறைய பேர் அடிமைத்தனத்துல இருந்து விடுதலை ஆனவங்க. ரெண்டு பக்கமும் துறைமுகம், ஒண்ணு லெகாயோன், இன்னொன்னு கெங்கிரேயா, நடுவுல ஒரு குறுகின நிலம். சரக்கும் பணமும் புரளுற ஊர். பரம்பரைப் பெருமை இல்லாதவங்க காசாலயும் பேச்சுத்திறமையாலயும் மேல வரப் பார்க்கிற ஊர்னு வெச்சுக்கோங்க, அப்ப முதல் நாலு அதிகாரத்துல "ஞானம் ஞானம்"னு பவுல் ஏன் திரும்பத் திரும்ப இடிக்கிறார்னு தானா புரியும்.

பவுல் அங்க ஒன்றரை வருஷம் தங்கினார், ஆக்கில்லா பிரிஸ்கில்லாகூட கூடாரத்தொழில் செஞ்சுக்கிட்டு (அப்போஸ்தலர் 18). அப்ப அங்க அதிபதியா இருந்தவர் கல்லியோன். டெல்பியில கிடைச்ச ஒரு கல்வெட்டுல இவர் பேர் இருக்கிறதால, அவர் பதவியில இருந்தது கி.பி. 51, 52 வாக்குலன்னு கணக்கு போட முடியுது. பவுலோட வாழ்க்கையில மத்த எல்லா தேதியையும் பெரும்பாலும் இந்த ஒரு ஆணியிலதான் மாட்டி வெச்சிருக்காங்க. 1 கொரிந்தியர் அதுக்கு ரெண்டு மூணு வருஷம் கழிச்சு எபேசுவுல இருந்து எழுதினது, 16:8-ல அவரே சொல்றார்.

"பிரபுக்கள் அநேகரில்லை"ன்னு 1:26-ல வருது. அநேகர் இல்லைன்னா சில பேர் இருந்திருக்காங்கன்னுதானே அர்த்தம். அவங்க யாருன்னு ரோமர் 16:23-ல கொஞ்சம் தெரியும்: சபை முழுசையும் வீட்டுல வெச்சு உபசரிச்ச காயு, பட்டணத்து உக்கிராணக்காரன் (பொருளாளர்) ஏரஸ்து. 1929-ல கொரிந்து தோண்டும்போது தன் சொந்தச் செலவுல தரை பாவினேன்னு ஏரஸ்துங்கிற அதிகாரி ஒருத்தர் வெட்டி வெச்ச கல் கிடைச்சது. ரெண்டும் ஒரே ஆள்தானான்னு இன்னும் வாதம் ஓடிட்டுதான் இருக்கு, நான் அதுல எந்தப் பக்கமும் சாயலை. ஆனா வீடும் வசதியும் இருந்த சில பேர், கூலிக்காரங்களும் அடிமைகளுமா நிறைய பேர், எல்லாரும் ஒரே கூரைக்கு கீழ. இதை மனசுல வெச்சுக்கோங்க, 11-ஆம் அதிகாரத்துக்கு வேணும்.

மூணாவது: மறுபாதியை தேடுங்க

நோட்டுல நடுவுல ஒரு கோடு போடுங்க. வலது பக்கம் பவுல் சொல்றது, இடது பக்கம் கொரிந்துக்காரங்க என்ன சொல்லியிருக்கணும்ங்கிறது.

தடயம் எல்லாம் உள்ளயே இருக்கு. 1:11-ல குலோவேயாள் வீட்டு ஆட்கள் வந்து சண்டை சச்சரவை சொல்லியிருக்காங்க. 16:17-ல ஸ்தேவான், பொர்த்துனாத்து, அகாயுக்கு மூணு பேரும் நேர்ல வந்திருக்காங்க. 7:1-ல "நீங்கள் எனக்கு எழுதின காரியங்களைக்குறித்து", அப்ப அவங்க ஒரு கடுதாசி எழுதியிருக்காங்க. 5:9-ல பவுல் இதுக்கு முன்னாடியே ஒண்ணு எழுதினதா சொல்றார், அது நம்ம கையில இல்லை. ஆக நாம முதல் கொரிந்தியர்னு சொல்றது முதல் கடுதாசியே இல்லை.

இப்ப பென்சிலை எடுத்து 7:1, 7:25, 8:1, 12:1, 16:1, 16:12 ஆறு இடத்துலயும் "குறித்து"ங்கிற வார்த்தையை வட்டம் போடுங்க (8:1-ல "குறித்த காரியத்தில்"னு வரும்). கிரேக்கத்துல ஆறு இடத்துலயும் ஒரே சொல்தான், "பெரி தெ". அவங்க கேட்டதுக்கு ஒவ்வொன்னா பதில் சொல்லிட்டு வர்றார். ஆனா 1-லிருந்து 6 வரைக்கும், அப்புறம் 11-ல திருவிருந்து விஷயம், இதெல்லாம் அவங்க எழுதிக் கேட்டது இல்லை, யாரோ வாய்மொழியா வந்து சொன்னது, "கேள்விப்படுகிறேன்"னு 11:18-லயே இருக்கு. கேக்க வேண்டியதை கேக்காம விட்டுட்டு வேற எதையோ கேட்டிருக்காங்கன்னு இதுல தெரியும்.

நாலாவது: இந்த வரி யாரோடது?

பழைய கையெழுத்துப் பிரதிகள்ல மேற்கோள் குறி கிடையாது. அதனால பவுல் அவங்க வார்த்தையை திருப்பிச் சொல்றாரா இல்ல தன் வார்த்தையை சொல்றாரான்னு நாமதான் கண்டுபிடிக்கணும். 6:12-ல "எல்லாவற்றையும் அநுபவிக்க எனக்கு அதிகாரமுண்டு, ஆகிலும்" அப்படின்னு வர்றதுல முன்பாதி கொரிந்துக்காரங்க கோஷம், "ஆகிலும்"ல இருந்துதான் பவுல். 7:1-ல "ஸ்திரீயைத் தொடாமலிருக்கிறது மனுஷனுக்கு நல்லது"ங்கிறதையும் இன்னைக்கு நிறைய ஆராய்ச்சியாளர்கள் அவங்க கடுதாசியில இருந்து எடுத்த வரின்னுதான் பார்க்கிறாங்க, ஏன்னா அடுத்த வசனத்துல இருந்தே புருஷனும் மனைவியும் பிரிஞ்சிருக்காதீங்கன்னு சொல்றார்.

இது கையில வந்ததும் பிடிக்காத வசனத்தை எல்லாம் "இது பவுல் சொன்னதில்ல"ன்னு தள்ளத் தோணும், தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க. வரி சின்னதா, கோஷம் மாதிரி இருக்கணும், உடனே பின்னாடி ஒரு மறுப்போ திருத்தமோ வரணும், அப்பதான் யோசிக்கலாம். 14:34-35, ஸ்திரீகள் சபையில பேசக்கூடாதுங்கிறது, வேற மாதிரி சிக்கல். சில மேற்கத்திய பிரதிகள்ல அந்த ரெண்டு வசனமும் 40-ஆம் வசனத்துக்கு பின்னாடி இருக்கு. அதோட 11:5-ல பெண்கள் சபையில ஜெபிக்கிறதும் தீர்க்கதரிசனம் சொல்றதும் சாதாரணமா நடக்கிற விஷயமாத்தான் வருது. இதை வெச்சு அது ஓரத்துல யாரோ எழுதி பிறகு உள்ள வந்ததுன்னு சொல்றவங்களும் உண்டு, இல்லை பவுல் எழுதினதுதான், அந்த சபையில நடந்த ஒரு குழப்பத்துக்கு சொன்னதுன்னு சொல்றவங்களும் உண்டு. என்னைக் கேட்டா, 11:5-ஐ கூட வெச்சு வாசிக்காம 14:34-ஐ மட்டும் ஒரு பெண் முகத்துக்கு நேரா வாசிக்கிறது நியாயமே இல்லை.

அஞ்சாவது: கடுதாசி பழைய வேதத்தை எப்படி வாசிக்குதுன்னு கவனிங்க

இந்த நிருபங்களை நாம வேதமா வாசிக்கிறோம், ஆனா அதுக்குள்ளேயே வேதத்தை எப்படி வாசிக்கணும்னு ஒரு பாடம் நடந்துட்டு இருக்கு. பின்னாடி வந்த சபை முழுக்க அந்தப் பாடத்தைத்தான் பிடிச்சுக்கிட்டது, சண்டை போட்டதும் அதை வெச்சுத்தான்.

9:9-ல "போரடிக்கிற மாட்டை வாய்கட்டாயாக", உபாகமம் 25:4. களத்துல மிதிக்கிற மாடு ரெண்டு வாய் தின்னட்டும்னு சொன்ன கட்டளையை எடுத்து ஊழியக்காரனுக்கு சாப்பாடு உரிமை உண்டுன்னு சொல்றார். இழுத்துப் பிடிச்ச மாதிரி தெரியும். ஆனா உபாகமம் 25-ஐ திறந்து பாருங்க, முன்னாடி வசனம் குற்றவாளியை நாப்பது அடிக்கு மேல அடிக்காதேங்கிறது, பின்னாடி வசனம் புருஷனை இழந்தவளை கைவிடாதேங்கிறது. நடுவுல மாடு. அந்த இடமே எளியவங்க மேல இரக்கம் காட்டுற இடம்தான். அதனால மேற்கோள் எங்க வந்தாலும் மூல இடத்துக்குப் போய் முன்னாடி பின்னாடி அஞ்சு வசனம் வாசிக்கிறதை பழக்கமாக்கிக்கோங்க.

10-ஆம் அதிகாரத்துல வனாந்தரக் கதையை எடுத்து "அந்தக் கன்மலை கிறிஸ்துவே"ன்னு சொல்றார், கூடவே வந்த கன்மலைன்னும் சொல்றார். யாத்திராகமத்துல கன்மலை கூட வரலையேன்னு கேக்கலாம், அந்த தண்ணீர் ஜனங்க பின்னாடியே வந்துச்சுங்கிற ஒரு பாரம்பரியம் யூதர்கள் நடுவுல இருந்தது. 10:11-ல இதெல்லாம் "திருஷ்டாந்தங்களாக" நடந்ததுங்கிறார். கலாத்தியர் 4-ல ஆகார், சாராளை ரெண்டு உடன்படிக்கைக்கு அடையாளமா வெச்சு இன்னும் ஒரு படி மேல போறார். அலெக்சந்திரியாவுல ஓரிகன்ங்கிற வேத அறிஞர் இதையெல்லாம் சாவியா எடுத்துக்கிட்டு, பவுலே வழி காட்டிட்டார், இனி பழைய வேதம் முழுக்க உள்ளர்த்தம் தேடலாம்னு போனார். அந்தியோகியா பக்கத்து ஆட்கள், முக்கியமா மொப்சுவெஸ்தியா தெயோதோர், அதை ஒத்துக்கலை, பவுல் நடந்த கதையை நடந்த கதையா வெச்சுத்தான் ஒப்பிட்டார், கதையை அழிக்கலைன்னு எதிர்த்தாங்க.

எல்லாத்தையும் விட தூரம் போனது 2 கொரிந்தியர் 3:6, "எழுத்துக் கொல்லுகிறது, ஆவியோ உயிர்ப்பிக்கிறது." 380-கள்ல மிலான்ல அகஸ்டின் உக்காந்து அந்த ஊர் பிஷப் அம்புரோஸோட பிரசங்கம் கேக்குறார், பழைய ஏற்பாட்டுக் கதைங்க எல்லாம் அருவருப்பா தெரிஞ்ச மனுஷன், அம்புரோஸ் இந்த வரியை திரும்பத் திரும்ப சொல்லி அந்த கதைகளுக்கு உள்ளர்த்தம் காட்டக் காட்ட அகஸ்டினோட தடை ஒவ்வொன்னா விழுந்துச்சு, அதை தன் சாட்சிப் புஸ்தகத்துல (Confessions) அவரே எழுதி வெச்சிருக்கார். அப்புறம் 412 வாக்குல அதே அகஸ்டின் இந்த வசனத்தை வேற மாதிரி வாசிச்சார்: எழுத்துன்னா கிருபையில்லாம வெளியில நின்னு கட்டளை மட்டும் போடுற பிரமாணம், அதுதான் முக்கியமான அர்த்தம்னு. ஒரே ஆள், ஒரே வரி, ரெண்டு வாசிப்பு.

இப்ப நாம கத்துக்கிட்டதை போட்டுப் பாருங்க. 3:1-ல என்ன பேச்சு? சிபாரிசுக் கடிதம். யாரோ சில பேர் கையில சிபாரிசுக் கடிதத்தோட கொரிந்துக்கு வந்திருக்காங்க, உங்கிட்ட அந்த மாதிரி எங்கன்னு பவுலை கேட்டிருக்காங்க போல. அதுக்கு அவர், "எங்கள் நிருபம் நீங்கள்தானே"ன்னு சொல்றார், மையால எழுதினதில்லை, கற்பலகையில எழுதினதில்லை, இருதயத்துல எழுதினது. அந்த கற்பலகைப் பேச்சுல இருந்துதான் "எழுத்துக் கொல்லுகிறது" வருது, அதுக்கு அடுத்த வசனத்துல மோசேக்கு தாவுறார். பைபிள் விளக்க முறையை பத்தி பாடம் நடத்த உக்காந்தவர் இல்லை அவர், தன்னை சந்தேகப்பட்ட பிள்ளைங்ககிட்ட நெஞ்சு வலிச்சு பேசின தகப்பன். அந்த வரியில இருந்துதான் ஆயிரம் வருஷத்து வேத விளக்கம் வளர்ந்துச்சு.

ஆறாவது: அடுத்த தலைமுறை எப்படி வாசிச்சது

கி.பி. 96 வாக்குல கொரிந்துல திரும்பவும் சண்டை, மூப்பர்களை பதவியில இருந்து இறக்கிட்டாங்க. ரோமாபுரி சபை ஒரு நீண்ட கடுதாசி எழுதுது, 65 அதிகாரம், உள்ள பேர் இல்லை ஆனா கிளெமெந்து எழுதினதுன்னு ஆதியில இருந்தே சொல்லி வர்றாங்க. அதுல 47-ஆம் அதிகாரம் போய் பாருங்க, பாக்கியவானாகிய பவுலோட நிருபத்தை கையில எடுங்கன்னு சொல்லுது, அப்பவே பவுல், கேபா (பேதுரு), அப்பொல்லோன்னு கட்சி கட்டினீங்களேன்னு நினைவுபடுத்துது. ஆக அந்த கடுதாசியை கொரிந்துக்காரங்க 40 வருஷமா பத்திரமா வெச்சிருந்திருக்காங்க, ரோமாபுரியிலயும் ஒரு பிரதி இருந்திருக்கு. "எழுதியிருக்கிறது"ங்கிற முத்திரையை கிளெமெந்து பழைய வேதத்துக்குத்தான் வைக்கிறார், பவுல் எழுதினதை ஆவியில எழுதின நிருபம்னு சொல்றார். 2 பேதுரு 3:16-க்கு வரும்போது பவுலோட நிருபங்கள் "மற்ற வேதவாக்கியங்க"ளோட சேர்ந்துடுச்சு, அதுலயே சில காரியம் அறியறதுக்கு அரிதாயிருக்குன்னும் சொல்லியிருக்கு, அதனால நமக்கு புரியலைன்னா வெக்கப்பட ஒண்ணுமில்லை. 170 வாக்குல கொரிந்து கண்காணியார் (பிஷப்) தியோனீசியு, கிளெமெந்தோட கடுதாசியையும் நாங்க சபையில வாசிக்கிறோம்னு எழுதுறார். அஞ்சாம் நூற்றாண்டு அலெக்சந்திரியப் பிரதிங்கிற கையெழுத்து பைபிள்ல அது புதிய ஏற்பாட்டு புஸ்தகங்களுக்கு பின்னாடி கட்டப்பட்டே இருக்கு. எது வேதம், எது வேதம் இல்லைங்கிற கோடு எவ்வளவு மெதுவா விழுந்துச்சுன்னு இதுல பார்க்கலாம்.

கடைசியா, அத்தையோட வசனம்

இப்ப 11:17-ல இருந்து 34 வரைக்கும் ஒரே மூச்சுல வாசிங்க. 21-ல "அவனவன் தன்தன் சொந்தச் சாப்பாட்டை முந்திச் சாப்பிடுகிறான், ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்." வெறின்னா இங்க குடிபோதை. முழு விருந்தா நடந்த காலம் அது. வசதியானவங்க சீக்கிரம் வந்து முதல் பந்தியை முடிச்சாச்சு, வேலை முடிஞ்சு வர்ற கூலியாளுக்கும் அடிமைக்கும் ஒண்ணும் மிச்சமில்லை. ரோம விருந்துல ஆளுக்குத் தக்கபடி சாப்பாடு மாறுறது சகஜம், விருந்தாளிகளை தரம் பிரிச்சு மூணு வகை திராட்சரசம் ஊத்தின ஒரு ஆளை பத்தி ரோம எழுத்தாளர் இளைய பிளினி ஒரு கடிதத்துல வெறுத்து எழுதியிருக்கார். அதேதான் கர்த்தருடைய பந்தியிலயும். "இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா" அப்படிங்கிறதுதான் பவுலோட கோபம்.

அதுக்கு அப்புறம்தான் 27 வருது. அபாத்திரமாய். பாருங்க, நம்ம தமிழே சொல்லுது, "அபாத்திரன் புசித்தால்"னு இல்லை, "அபாத்திரமாய்"னு இருக்கு. சாப்பிடுற ஆளை சொல்லலை, சாப்பிடுற விதத்தை சொல்லுது, கிரேக்கத்துலயும் அப்படியேதான். 29-ல நம்ம பழைய மொழிபெயர்ப்பு திரும்பவும் "அபாத்திரமாய்"ங்கும், "கர்த்தருடைய சரீரம்"ங்கும், ஆனா மிகப் பழைய பிரதிகள்ல, 200 வாக்குல எழுதின பி46ங்கிற பாப்பிரஸ் (நாணல் தாள்) பிரதியிலயும்கூட, அந்த இடத்துல "அபாத்திரமாய்" இல்லை, "கர்த்தருடைய"வும் இல்லை, சரீரம்னு அறியாம சாப்பிடுறவன்னு மட்டும்தான் இருக்கு. எந்த சரீரம்? 10:17-ல ஒரே அப்பம், அநேகரான நாம ஒரே சரீரம். 12-ல கண்ணு கையைப் பார்த்து நீ வேண்டாம்னு சொல்ல முடியாத சரீரம். அப்பத்தையும் பக்கத்துல பசியோட நிக்கிறவனையும் சேர்த்துதான் அந்த வார்த்தை பிடிக்குது. 390-கள் வாக்குல அந்தியோகியாவுல கிறிசோஸ்தொம்ங்கிற பிரசங்கியார் இந்த இடத்தை பிரசங்கிக்கும்போதும் இதைத்தான் சொன்னார், பசியா இருக்கிறவனை கண்டுக்காம அவனை வெட்கப்படுத்தவும் செய்றவன் எப்படி பாத்திரமா, அதாவது தகுதியான விதத்துல, சாப்பிட முடியும்னு.

இன்னொன்னு, 28: "தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து". சோதிச்சுட்டு உக்காந்திருன்னு இல்லை, சோதிச்சுட்டு புசின்னுதான் இருக்கு. 33-ல தீர்வும் சொல்லிட்டார், "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்." அவ்வளவுதான் அவர் கேட்டது.

அத்தையோட பயத்தை நான் அப்படியே தப்புன்னு சொல்ல மாட்டேன். கூடப்பிறந்தவங்களோட மனத்தாங்கலை வெச்சுக்கிட்டு பந்திக்கு போறது சரியில்லைன்னு அவங்க மனசு சொன்னதுல இந்த அதிகாரத்தோட உயிர் இருக்கு. ஆனா அவங்க தன்னை விலக்கிக்கிட்டாங்க, பவுல் யாரையும் விலகச் சொல்லலை, சேர்ந்து சாப்பிடத்தான் சொன்னார்.

ஒரு நாள் சாயங்காலம் திண்ணையில உக்காந்து 17-ல இருந்து அவங்களுக்கு வாசிச்சுக் காட்டினேன். விளக்கம் ஒண்ணும் சொல்லலை. 33 வந்ததும் "நில்லு, காத்திருங்கன்னா போட்டிருக்கு?"ன்னு கேட்டு பைபிளை வாங்கி கண்ணுகிட்ட வெச்சுப் பார்த்தாங்க. 27-ல சிவப்பு மையில அவங்க போட்ட கோடு ரொம்ப வருஷமா இருக்கு. "அப்ப 30-ல வியாதி, சாவுன்னு இருக்கே அது?"ன்னு அடுத்த கேள்வி. அதுவும் அந்த சபைக்கு, அந்த பந்திக்கு சொன்னதுதான் அத்தை, ஆனா லேசா சொன்ன வார்த்தையும் இல்லைன்னேன். அந்த மாசமும் அவங்க பெஞ்சை விட்டு எழும்பலை. ஆனா மறுநாள் கூப்பிட்டு "அந்த கண்ணு கை அதிகாரத்தையும் வாசி"ன்னாங்க, இப்ப 2 கொரிந்தியர் 3 வரைக்கும் வந்திருக்கோம்.